விட்டத்து வண்டும் முதற் சீலமும்

பஞ்சசீலம் ஏற்குங்கால் நாம் முதலாவதாக உரைப்பது, உயிர்க்கொலையினின்றும் விலகி நிற்பேன் என்னும் சீலம். அதனை வாயால் உரைப்பது எளிது. படைக்கலம் ஏந்திப் பிறரைக் கொல்லும் நிலை நம்மிற் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் நேர்வதில்லை. ஆதலின், இச் சீலத்தை எவ்வகை முயற்சியுமின்றிக் காத்து வருகின்றோம் என்று எண்ணி மனநிறைவு எய்திவிடுகின்றோம். ஆனால் இச் சீலம் நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அது நமது வீடு. அடுக்களையில் எறும்பும், கட்டிலில் மூட்டைப்பூச்சியும், சுவரிற் கரையானும், விட்டத்தில் வண்டும் நம்மை நோக்கி, "உன் சீலம் எங்களையும் சேர்த்ததோ?" என்று கேளாமற் கேட்கின்றன.

இவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு ஆராய்வோம். அது வீட்டு மரத்தையும் மூங்கிலையும் துளைத்து வாழும் கருவண்டு. இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இவ்வண்டினால் வீட்டுக்குக் கேடு உண்டென்பது மெய். ஆனால் அக் கேடு மெல்ல வருவது. கேடு உண்மையாயினும் அவகாசமும் உள்ளவிடத்து ஓர் உபாசகன் என் செய்வான் என்பதைக் கொண்டே, அவன் சீலத்தை எவ்வாறு புரிந்துகொண்டான் என்பதை அறியலாம்.

வண்டின் இயல்பு

கோடையில் தாழ்வாரத்தின் கீழ் நிற்போர் மீது சில வேளைகளில் மஞ்சள் நிற மரத்தூள் உதிரும். அண்ணாந்து நோக்கினால், கூரை மூங்கிலிலோ வண்ணம் பூசாத உத்தரத்திலோ, தச்சன் துரப்பணத்தால் இட்டாற்போன்ற வட்டத்துளை ஒன்று தென்படும். சுண்டுவிரல் நுழையும் அளவினது. காது கொடுத்துக் கேட்டால், உள்ளே மரத்தைச் சுரண்டும் ஓசையும் கேட்கும்.

உலகோர் இதனை வண்டென்று வழங்கினும், இது தேனீயின் சுற்றமே. மரத்தேனீ என்றும் தச்சுத்தேனீ என்றும் இதனைக் கூறுவர். உயிர்நூலார் இதற்கு இட்ட சைலோகோப்பா என்னும் பெயர், கிரேக்க மொழியில் மரம் வெட்டுவோன் எனப் பொருள்படும். உலகில் இவ்வினத்தில் 400க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. நம் நாட்டிற் காணும் பெரிய வகைகள் ஓர் அங்குல நீளத்தையும் கடந்தன. உடல் கருமை, சிறகோ வெயிலில் நீலமும் பச்சையுமாய் மின்னும்.

இது மரத்தைத் தின்பதில்லை. கரையானுக்கு மரமே உணவு. இவ்வண்டுக்கோ மரம் வெறும் வீடு. தாய் வண்டு தன் தாடைகளால் மரத்தை அறுத்துத் தூளை வெளியே தள்ளுகின்றது. சிறிது தூரம் நேரே குடைந்து, பின்னர் மரத்தின் இழை ஓடும் திசையில் திரும்பி வழி அமைக்கின்றது. அவ்வழியின் கடைசியில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மரத்தூளைக் குழைத்துச் சுவரெழுப்பி மூடுகின்றது. அதற்கு முன்னே இன்னோர் அறை. அவ்வறைக்கும் ஓர் உருண்டை, ஒரு முட்டை, ஒரு சுவர். பூச்சிகள் பல நூற்றுக்கணக்கில் முட்டையிட, இவ்வண்டு ஒரு கூட்டில் இடுவன கைவிரல்களால் எண்ணத்தக்க சிலவே. ஆனால் அம் முட்டை, பூச்சியினங்களின் முட்டைகள் அனைத்திலும் மிகப் பெரியவற்றுள் ஒன்று. வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு வாரங்களில் முட்டை, புழு, கூட்டுப்புழு என்னும் நிலைகளைக் கடந்து இளவண்டு வெளிப்படும்.

நம்மை அச்சுறுத்தும் வகையில் முகத்தெதிரே வந்து இரைந்து நிற்பது பெரும்பாலும் ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கு இல்லை. பெண் வண்டுக்குக் கொடுக்கு உண்டு. எனினும் கையாற் பற்றி நெருக்கினாலன்றி அது கொட்டுவது அரிது. இரைச்சல் உள்ளதற்குத் தீங்கு செய்யும் ஆற்றல் இல்லை. ஆற்றல் உள்ளதற்குத் தீங்கு செய்யும் விருப்பம் இல்லை. நாமோ இரைச்சலைக் கேட்டே துடைப்பத்தைத் தேடுகின்றோம்.

இவ்வண்டினால் நமக்கு ஆகும் நன்மையும் உண்டு. கொல்லையில் நிற்கும் முருங்கையிலும், வேலியோரத்து எருக்கிலும், சணப்பிலும், துவரையிலும் இது மகரந்தம் சேர்க்கின்றது. கத்தரிப்பூவின் மகரந்தப்பைகள் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே மகரந்தத்தை விடுவன. இவ்வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்து அம் மகரந்தத்தை உதிர்க்கின்றது. தேன்கூட்டுத் தேனீயால் இவ்வாறு அதிர்த்து உதிர்க்க இயலாது.

இவ்வளவு கூறியதால், பயனுள்ள உயிர், ஆதலின் கொல்லற்க என்று யான் வாதிடுவதாகக் கொள்ளவேண்டா. பயன் கருதிக் காப்பது வணிகம். பயனற்ற உயிரைக் கொல்லலாம் என்னும் முடிவு அவ்வாதத்தின் உள்ளேயே ஒளிந்திருக்கின்றது. மனிதரையும் பயனுள்ளோர், பயனற்றோர் என்று பிரித்து நோக்கிய சமுதாயத்தால் துன்புற்ற நாம், அவ்வளவுகோலை வண்டின்மீதும் வைத்தல் ஆகாது. வண்டின் இயல்பைக் கூறியது வேறொரு காரணம் பற்றி. யாதெனில், அறியாத உயிரைப் பற்றி நாம் செய்யும் முடிவு பெரும்பாலும் அச்சத்தின் முடிவாகவே இருக்கும்.

சீலத்தின் உறுப்புகள்

கொலை என்பது எப்போது கொலையாகின்றது? தாம் காஞ்சியில் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் இறுதியில் குறித்துள்ள ஆசாரியர் புத்தகோசரின் உரைமரபு, இதற்கு ஐந்து உறுப்புகளைக் கூறும். உயிருள்ள ஒன்று இருத்தல், அஃது உயிருள்ளது என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம் முயற்சியால் உயிர் நீங்குதல் என்பன அவை. ஐந்தும் கூடினாலன்றிக் கொலைவினை நிறைவுறாது.

தம்மபத உரையின் முதற் கதையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கண்பார்வை இழந்த சக்குபாலத் தேரர், மழை பெய்த இரவில் உலவி வந்தபோது, அவர் காலடியிற் சிறுபூச்சிகள் பல மடிந்தன. மறுநாள் அதனைக் கண்ட பிக்குகள் அவர்மேற் குறை கூற, அவர் அவற்றைக் காணவும் இல்லை, கொல்ல எண்ணவும் இல்லை. ஆதலின் அவர்பாற் கொலைக் குற்றம் இல்லை என்று பகவான் விளக்கினார். மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்திலும், உடலாற் செய்யும் வினையினும் மனத்தாற் செய்யும் வினையே தீமை பயப்பதில் வலியது என்பது நிலைநாட்டப்படுகின்றது.

இதனைக் கேட்டவுடன் சிலர் மகிழ்வர். "என் மனத்திற் கொல்லும் எண்ணம் இல்லை, வீட்டைக் காக்கும் எண்ணமே உண்டு. துளையைக் களிமண்ணால் அடைத்தேன். உள்ளே இருந்ததற்கு யான் என் செய்வேன்?" என்பர். இங்கேதான் நாம் நின்று நிதானிக்கவேண்டும். சக்குபாலர் கண்ணிழந்தவர், காணவில்லை. நாமோ கண்ணுடையோம். துளையினுள் தாயும் குஞ்சுகளும் உண்டென்று அறிந்தே அடைக்கின்றோம். உயிர் உண்டென்னும் அறிவு இருக்கின்றது. அடைத்தால் மடியும் என்னும் அறிவும் இருக்கின்றது. அவை மடிய வேண்டும் என்பதே அடைப்பதன் நோக்கமாயும் இருக்கின்றது. கையிற் குருதி படவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. அறிவு பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகுகின்றது. வண்டின் இயல்பை அறியாது நேற்று அடைத்தவனுக்கும், அறிந்து இன்று அடைப்பவனுக்கும் வினை ஒன்றன்று.

இன்னும் சிலர் கூலியாள் ஒருவனை அமர்த்தி, "நீயே பார்த்துக்கொள்" என்று கூறிவிட்டுக் கடைவீதிக்குச் சென்றுவிடுவர். அதே உரைமரபு கொலைக்குரிய ஆறு வழிகளை எண்ணுமிடத்து, தன் கையாற் செய்வதை அடுத்துப் பிறரை ஏவிச் செய்விப்பதையும், நிலையாக அமைத்துவைக்கும் பொறியையும் சேர்த்தே எண்ணுகின்றது. துளையில் நஞ்சுத்தூளை இட்டு வைப்பது நிலையான பொறி. ஆளை அமர்த்துவது ஏவல். வறுமையால் அவ்வேலைக்கு வரும் மனிதனின் தலையில் நம் வினையை ஏற்றிவிட்டு, நாம் தூயோராய்த் திரும்ப இயலாது. முன்னாளில் எல்லாப் பூச்சிக்கும் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. தூள், மனிதர்க்கே கேடு செய்வது எனக் கண்டு 1997இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. பிற உயிர்க்கென இட்ட நஞ்சு, இட்டவன் வீட்டிலேயும் தங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வீடு கட்டுவோரின் கடமையைப் பற்றியும் விநயநூல் பேசுகின்றது. குடில் அமைக்க விரும்பும் பிக்கு, தேர்ந்த இடத்தைச் சங்கத்தாருக்குக் காட்டவேண்டும். அவ்விடம் எறும்பு, கரையான், எலி, பாம்பு, தேள் முதலியவற்றின் இருப்பிடமாயின் அங்குக் கட்டுதல் ஆகாது. குயவர் குடியிற் பிறந்த தனியர் என்னும் பிக்கு, களிமண்ணாலேயே குடில் ஒன்று சமைத்து, அதனைச் சுட்டு, செவ்வண்ணமாய் அழகுற நிறுத்தினார். மண்ணைச் சுட்டதில் உயிர்கள்பால் இரக்கம் இல்லாமற் போயிற்று என்று கண்டித்த புத்தர்பெருமான், அக் குடிலை உடைத்துவிடச் செய்தார். அழகிய வீடு, உழைத்துக் கட்டியவரோ தொழில் வல்லவர். எனினும், வீட்டின் அழகு அதன் விலையை மறைக்க விடவில்லை நம் ஆசான்.

இவை பிக்குகளுக்கு வகுத்த ஒழுக்கங்கள். இல்லறத்தார்க்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை என்பது மெய்யே. ஆயினும், ஒரு வீடு எழும்போது அங்கே முன்னரே வாழ்ந்தோர் யாவர் என்று வினவும் பழக்கம், இரு திறத்தார்க்கும் பொதுவன்றோ?

தேவையும் அவசரமும்

இனி, நம்மவர் உள்ளத்தில் எழக்கூடிய கடிய கேள்வி ஒன்றுக்கு வருவோம். "எறும்புக்கு மாக்கோலம் இட்டவர்களே மனிதனுக்குக் குளத்து நீரை மறுத்தனர். 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகுவதற்கு, பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துச் செல்லவேண்டியதாயிற்று. கொல்லாமை பேசியோரின் இரக்கம் இத்தகையது. நம் முன்னோரை ஊன் உண்போர் என்று இழித்ததும் அக் கொல்லாமையின் பெயராலன்றோ? இன்று வண்டுக்கு இரங்கு என்று எமக்கும் உரைப்பது அப் பழைய வழியன்றோ?"

இக் கேள்வியில் உள்ள நோவு உண்மையானது. அதனை எவரும் எள்ளற்க. ஆனால், அவர்கள் செய்த தவறு எறும்புக்கு இரங்கியது அன்று. அவ்விரக்கம் மனிதனை வந்தடையாமல் நின்றுவிட்டதே தவறு. சுருங்கிய இரக்கத்தை மற்றொரு பக்கம் சுருக்கி நேராக்க இயலாது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் லட்சக்கணக்கானோர் ஏற்ற உறுதிமொழிகளுள், எல்லா உயிர்கள்பாலும் கருணை கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. மனிதனுக்கு மனிதன் சமம் என்று முழங்கிய அதே நாளில், அதே மக்கள், அதே குரலில் அதனையும் கூறினர்.

பாபாசாகேப் தாம் மறைந்த பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், கொல்லாமையைப் பற்றி நுணுக்கமான வேறுபாடு ஒன்றைக் காட்டுகின்றார். கொல்லவேண்டும் என்னும் விருப்பம் வேறு. கொல்லவேண்டிய தேவை வேறு. மேலும், புத்தர் கொல்லாமையைக் கண்மூடிப் பின்பற்றும் விதியாக வைக்காமல், சிந்தித்து ஒழுகும் கொள்கையாக வைத்தார் என்றும் விளக்குகின்றார். இது நமக்குப் பெரிய விடுதலை. தேள் கடித்துவிடுமோ என்னும் நிலையில் தொட்டிற்குழந்தையைக் காப்பவன் பாவி என்று நம் தம்மம் தூற்றாது.

ஆனால் கொள்கை தரும் விடுதலையில் ஒரு சுமையும் உண்டு. விதியைப் பின்பற்றுவோன் சிந்திக்க வேண்டுவதில்லை. கொள்கையைப் பின்பற்றுவோனோ ஒவ்வொரு முறையும் சிந்தித்தே ஆகவேண்டும். தேவை என்னும் சொல் இழுத்த பக்கமெல்லாம் நீளும் இயல்பினது. அச்சம் தன்னைத் தேவை என்று கூறிக்கொள்ளும். சோம்பலும் அவ்வாறே கூறிக்கொள்ளும். ஆதலின், தேவை என்று ஒருவன் கூறுமுன் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். இவ்வுயிர் யாது, இதனால் வரும் கேடு யாது என்று அறிந்தேனா? கொல்லாமல் அக் கேட்டை விலக்கும் வழி உண்டா? அவ்வழியைச் செய்துபார்க்க எனக்குக் காலம் உண்டா?

வண்டின் வழக்கில் இம் மூன்றுக்கும் விடை தெளிவு. ஒரு துளையால் ஒரு வீடு விழுவதில்லை. பிறந்த வண்டுகள் அதே கூட்டையே மீண்டும் எடுத்து நீட்டுவதாலும், ஆண்டுகள் பல சென்று வழிகள் கிளைப்பதாலும், துளைவழி மழைநீர் இறங்குவதாலும், உள்ளிருக்கும் புழுவைத் தேடி மரங்கொத்தி கொத்துவதாலுமே மரம் வலுவிழக்கின்றது. கேடு ஆண்டுக்கணக்கில் வருவது. குஞ்சு வெளிப்படுவதோ வாரக்கணக்கில். ஆதலின் இங்கே கொலைக்குத் தேவை என்று பெயரிடுவோர், உண்மையில் தம் அவசரத்துக்கே அப் பெயரை இடுகின்றனர்.

இதனை எளிதாகக் கூறவில்லை. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் ஒருகாலத்தில் மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர். அத்தகைய வீட்டில் ஒரு மூங்கில் போனால் ஒரு நாட்கூலி போகும். தலைமுறைகளாக நிலமும் கூரையும் மறுக்கப்பட்டவன் முதன்முதல் தனக்கென ஒரு வீடு கட்டியபின், அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அவன் நெஞ்சிலேயே விழுந்தாற்போல் இருக்கும். அவ்வீட்டைக் காப்பது அவன் உரிமை, கடமையும் ஆகும். காக்கும் முறையைப் பற்றியதே நம் ஆராய்ச்சி.

செய்யத் தக்கன

முதலாவது, துளைத்தது யாதென அறிக. மண்ணால் வழி அமைத்திருப்பின் அது கரையான். குண்டூசித் தலையளவு துளைகள் பல இருந்து மாவு போன்ற தூள் உதிருமாயின், மரம் உளுத்துப் போகின்றது. அது வேறு பூச்சியின் வேலை. சுண்டுவிரல் அளவான ஒழுங்கான வட்டத்துளையே கருவண்டின் வாயில்.

இரண்டாவது, குடி இருக்கும் துளையை அடையற்க. புதுத்தூள் உதிர்வது நின்று, போக்குவரத்து ஒன்றும் இன்றி, இரண்டு திங்களேனும் கழியட்டும். அதன்பின் மரமுளை ஒன்றைச் செதுக்கிப் பசையிட்டுத் துளையில் அடித்து, மேலே மரமக்கு பூசி, எண்ணெய் வண்ணம் அடிக்க. பழைய துளையை விட்டுவைத்தால் அடுத்த தலைமுறை அதையே நாடும். ஆதலின் இவ்வேலையை மறவாது முடித்தல் வேண்டும்.

மூன்றாவது, வெற்று மரத்தை வெற்று மரமாக விடற்க. வெயிலில் வெளுத்து உலர்ந்த, பூச்சற்ற, மென்மையான மரத்தையே இவ்வண்டு விரும்பித் தேடும். எண்ணெய் வண்ணம் நன்கு பூசிய மரத்தை அது பெரும்பாலும் நாடுவதில்லை. புதுவீட்டில் உத்தரம் ஏற்றுமுன்னரே இதனைச் செய்துவிடின், வண்டுக்கும் நமக்கும் வழக்கே எழாது.

நான்காவது, ஒன்றை மறுக்குமிடத்து வேறொன்றை ஈக. கொல்லைப்புறத்தில் மழை படாத ஓரிடத்தில், காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றைக் கிடையாகக் கட்டிவைக்கலாம். பட்டுப்போன மென்மரக் கட்டை ஒன்றை நிறுத்தலாம். வண்டு அங்கே குடியேறக்கூடும். முருங்கைக்கும் கத்தரிக்கும் அதனால் நன்மையே.

ஐந்தாவது, தாங்கும் மூங்கில் ஒன்று ஒடியும் நிலையை எய்திவிட்டால் காத்திருத்தல் ஆகாது. கீழே குழந்தைகள் உறங்குவர். அம் மூங்கிலை மாற்றியே தீரவேண்டும். ஆனால் கழற்றிய மூங்கிலை அடுப்பில் இடற்க. தாய் வண்டு உள்ளிருக்கும் இரவு வேளையில் துளைவாயைத் துணியால் மூடி, மூங்கிலை முழுமையாகவே எடுத்துச் சென்று, கொல்லையிற் கிடையாகக் கட்டி, பின்னர்த் துணியை நீக்கிவிடலாம். உள்ளே அறைகளில் உள்ளவை தம் காலத்தில் வெளிப்படும்.

இவ்வாறெல்லாம் செய்தும் ஓரிரண்டு உயிர்கள் மடியலாம். கரையான், கொசு ஆகியவற்றின் வழக்குகள் இதனினும் கடினமானவை. அங்கே காலமும் குறைவு, வழியும் குறைவு. அங்கு நாம் செய்ய நேர்வதை மகிழ்ச்சியோடு செய்யாமல், குறைந்த அளவில், வேறு வழி கண்டவுடன் நிறுத்தும் மனத்தோடு செய்தல் வேண்டும். கடினமான வழக்குகளில் நேர்மையாக நடப்பதற்குரிய பயிற்சியை எளிய வழக்குகளே தருகின்றன. சீலத்துக்கு நம் மரபு இட்ட பெயர் சிக்காபதம், அதாவது பயிற்சிக்குரிய படி. வண்டு நமக்கு வாய்த்த முதற்படி. இப் படியிலேயே கால் வைக்க மறுப்போன், மேற்படிகளில் யான் ஏற இயலாது தடுமாறினேன் என்று கூற உரிமை உடையவன் அல்லன்.

அன்பர்களே! அடுத்த கோடையில் உங்கள் தாழ்வாரத்திலும் மரத்தூள் உதிரலாம். வீட்டுக் குழந்தைகள் அண்ணாந்து பார்த்து, அது யாதென்று உங்களைக் கேட்பர். அவ்வேளையில் துடைப்பத்தை எடுக்குமுன், அவ்வண்டின் பெயரையும், அது உள்ளே என் செய்கின்றது என்பதையும் அக் குழந்தைகளுக்குக் கூறுங்கள். பின்னர் நாட்காட்டியில் அந் நாளைக் குறித்து, இரண்டு திங்கள் எண்ணுங்கள். அதற்குள் மரமுளையைச் செதுக்கி, வண்ணமும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.